ஒரு வகுப்பு கீழே

விசா விண்ணப்பங்கள் வாங்கும் அந்த அலுவலகத்தில் மொத்தம் ஏழு கவுண்டர்கள். நாலாவது கவுண்டரில் மாட்டுகிறவன் தொலைந்தான் என்று வரிசையில் நிற்பவர்களே தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள். அங்கே உட்கார்ந்திருந்தவளுக்குச் சக ஊழியர்கள் வைத்த பெயர் பூதக்கண்ணாடி. முகத்துக்கு நேரே யாரும் கூப்பிட்டதில்லை. ஆனால் அவளுக்குத் தெரியும். தெரிந்ததில் உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையும் உண்டு.

பிறந்த தேதியில் ஓர் எண் மாறியிருந்தால் பிடித்துவிடுவாள். அப்பா பெயரில் ஓர் எழுத்து கூடியிருந்தால் பிடித்துவிடுவாள். புகைப்படத்தில் முடி விழுந்து காது மறைந்திருந்தால், "ரெண்டு காதும் தெரியணும்னு வெளியில கொட்டை எழுத்துல எழுதிப் போட்டிருக்கே, கண்ணு எங்க போச்சு?" என்று திருப்பி அனுப்பிவிடுவாள். எவ்வளவு கெஞ்சினாலும் மசிய மாட்டாள். ஒரு நாளைக்கு எண்பது படிவம், பதினோரு வருஷமாக. வந்தவர்கள் அத்தனை பேரிடமும் ஒரே கேள்வியைத் தவறாமல் கேட்டிருக்கிறாள்: "கையெழுத்து போடறதுக்கு முன்னாடி ஒரு தடவை படிச்சுப் பாத்தீங்களா?"

அப்பேர்ப்பட்டவள்தான் தன் சொந்தப் பிள்ளைகளின் பள்ளிக்கூடப் படிவத்தில் படிக்காமலே கையெழுத்துப் போட்டுவைத்திருந்தாள். அந்தக் கூத்து ஒரு வெள்ளிக்கிழமை மதியம், சாப்பாட்டு வேளையில், டப்பாவைத் திறந்து முதல் வாய் எடுக்கும்போது தெரியவந்தது.

அவள் கணவர் லிஃப்ட் கம்பெனியில் பராமரிப்பு இன்ஜினியர். கம்பெனி அவரை மூன்று வருஷத்துக்கு வெளிநாட்டுக்கு அனுப்புகிறது. குடும்பத்தோடு போகலாம், பிள்ளைகளை அங்கே இருக்கும் சர்வதேசப் பள்ளி எதில் வேண்டுமானாலும் சேர்க்கலாம், செலவு கம்பெனியுடையது. மனுஷன் தலைகால் புரியாமல் குதித்தார். லிஃப்ட்டைச் சோதிக்கப் போகும்போது கயிறு, கதவு, பிரேக் என்று ஒவ்வொன்றுக்கும் கட்டம் போட்ட அட்டவணை ஒன்றை வைத்துக்கொண்டு டிக் அடிப்பாரே, அதே மாதிரி பள்ளிக்கூடங்களுக்கும் ஓர் அட்டவணை தயார் செய்தார். நீச்சல் குளம் உண்டா, பஸ்ஸில் ஏசி உண்டா, குதிரை ஏற்றம் உண்டா. நல்லதுக்குப் பச்சை, சுமாருக்கு மஞ்சள், ஆகாததற்குச் சிவப்பு. மூன்று வாரம் அந்த வீட்டில் வேறு பேச்சே இல்லை. கடைசியில் ஒரு சின்னப் பள்ளி சிவப்பில் அடிபட்டுப் போக, எல்லாக் கட்டமும் பச்சையாக ஒரு பெரிய பள்ளி வந்து நின்றது. அவர் அலுவலகத்திலிருந்து ஏற்கெனவே அங்கே போயிருக்கும் குடும்பங்களின் பிள்ளைகள் எல்லாம் அதில்தான் படிக்கிறார்களாம்.

"நீ ஒண்ணும் கவலைப்படாத, பேப்பர் வேலை எல்லாம் நான் பாத்துக்கறேன். உனக்கு ஆபீஸ்லயே அந்தத் தலைவலி போதாதா?" என்றார். அவளும் நம்பினாள். ஒரு நாள் காலையில் அடுப்பில் குக்கர் கத்திக்கொண்டிருக்கும்போது ஒரு கத்தைத் தாளைக் கொண்டுவந்து, கடைசிப் பக்கத்தை மட்டும் மடக்கி நீட்டினார். ஈரக் கையைப் புடவையில் துடைத்துவிட்டு இரண்டு இடத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

இப்போது பள்ளியிலிருந்து அவள் கைப்பேசிக்கே கடிதம் வந்திருந்தது. பிள்ளைகள் இருவருக்கும் இடம் இருக்கிறது. நாளை சனிக்கிழமை காலை பதினொரு மணிக்குத் தலைமையாசிரியை கணினித் திரையில் குடும்பத்தோடு பேசுவார். அதன்பிறகு சேர்க்கை உறுதியாகும். நீங்கள் அனுப்பிய படிவங்களின் நகல் சரிபார்க்க இணைக்கப்பட்டுள்ளது.

சின்னவனுக்கு ஏழாம் வகுப்பு. சரி. இங்கே ஆறு முடித்திருக்கிறான். பெரியவளுக்கும் ஏழாம் வகுப்பு.

அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. பெரியவள் ஏழு முடித்துவிட்டாள், எட்டுக்குப் போக வேண்டியவள். வகுப்பில் முதல் மூன்று பேரில் ஒருத்தி. 'இவ்வளவு பெரிய பள்ளிக்கூடம், ஓர் எண்ணை ஒழுங்காப் போடத் தெரியல பாரு' என்று நினைத்துக்கொண்டே நகலைத் திறந்தாள். தப்புக் கண்டுபிடிப்பதில் அவளுக்கு ஒரு ருசி உண்டு.

முதலில் சின்னவனுடைய படிவம். 'பிள்ளைக்கு உடல்நலத்திலோ படிப்பிலோ சிறப்பு உதவி தேவையா?' என்ற கேள்விக்கு நேரே, 'இல்லை' என்று கணவரின் அழகான கையெழுத்து.

சின்னவனுக்கு மூன்று வயதில் வந்த காய்ச்சலில் இடது காது சுத்தமாகப் போய்விட்டது. வலது காதில் பாதி மிச்சம். அந்தப் பாதிக்கு, காதுக்குப் பின்னால் ஒரு சின்ன மிஷின். மற்றதையெல்லாம் அவன் பேசுகிறவர்களின் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்கிறான். இதற்கு 'இல்லை' என்றால் வேறு எதற்குத்தான் 'ஆம்'?

அதற்கான விடை அடுத்த படிவத்தில் இருந்தது. பெரியவளுடைய படிவத்தில் அதே கேள்விக்கு 'ஆம்' என்று எழுதி, கீழே நாலு வரி விளக்கமும் இருந்தது. புரிந்துகொள்வதில் சற்று மந்தம். சென்ற ஆண்டு உடல்நலக் குறைவால் நிறைய நாள் பள்ளிக்குப் போகவில்லை. எனவே ஒரு வகுப்பு கீழே சேர்த்துக்கொள்ளவும். கூச்ச சுபாவம், தம்பியுடன் ஒரே வகுப்பில், பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தால் அவளுக்குத் தைரியமாக இருக்கும்.

கீழே, மேலே கண்டவை அனைத்தும் உண்மை என்று அப்பாவின் கையெழுத்து. அதற்குப் பக்கத்தில் அம்மாவின் கையெழுத்து.

அடப்பாவி மனுஷா! அவளுக்கு உள்ளங்காலிலிருந்து உச்சந்தலை வரை ஜிவ்வென்று ஏறியது. சாப்பாட்டு டப்பாவை மூடினாள். மூடிய வேகத்தில் மேஜை ஆடி, பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஆறாவது கவுண்டர்காரி தன் டப்பாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். ஒரு நாள் கூடப் பள்ளிக்கு மட்டம் போடாத பெண்ணை நோயாளி என்று எழுதியிருக்கிறார். மந்தம் என்று எழுதியிருக்கிறார். பெற்ற அப்பா! மணி மணியான கையெழுத்தில்!

இரண்டு மணிக்கு வரிசை மறுபடி ஆரம்பித்தது. முதலில் வந்த பெண்ணின் படிவத்தில் மூன்று இடத்தில் தப்பு. "கையெழுத்து போடறதுக்கு முன்னாடி படிச்சுப் பாத்தீங்களா?" என்று வழக்கம்போல் வாய் கேட்டுவிட்டது. "இல்லைங்க மேடம், என் வீட்டுக்காரர்தான் நிரப்பினார், நான் கையெழுத்து மட்டும் போட்டேன்" என்றாள் அந்தப் பெண். வேறொரு நாளாக இருந்தால் அவளைச் சுளுக்கெடுத்து அனுப்பியிருப்பாள். இன்றைக்குத் தப்புகளைச் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டு, பேசாமல் திருப்பிக் கொடுத்தாள். மூன்று மணிக்குத் தலைவலி என்று சொல்லிவிட்டு வீட்டுக்குக் கிளம்பினாள்.

வீட்டில் கூடம் முழுக்க அட்டைப்பெட்டிகள். பெரியவள் புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். சின்னவன் பெட்டிகளுக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தான். அம்மா சீக்கிரம் வந்ததைப் பார்த்துப் பெரியவள் தம்பியின் தோளை ஒரு விரலால் தொட்டாள். உடனே அவன் திரும்பிப் பார்த்தான். அது அந்தப் பிள்ளைகளின் ஏற்பாடு. ஒரு தொடல் என்றால் 'அங்கே பார்'. இரண்டு என்றால் 'சிரி, ஏதோ நகைச்சுவை சொல்கிறார்கள்'. அழுத்திப் பிடித்தால் 'உன்னிடம்தான் கேட்கிறார்கள், பதில் சொல்'. கல்யாண வீட்டில், கடையில், பள்ளி வேனில் எல்லாம் இதே வேலைதான். சொந்தக்காரர்களில் பாதிப் பேருக்குச் சின்னவனின் காது விஷயமே தெரியாது. "அவன் எப்பவும் ஏதோ யோசனையில இருப்பான்" என்று சொல்லிச் சமாளித்துவிடுவார்கள்.

ஆறு மணிக்குக் கணவர் வந்தார். கையில் வழுக்காத செருப்பு இரண்டு ஜோடி, நீச்சல் குளத்துக்காம். அவள் கைப்பேசியை அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள். பார்த்தவுடன் முகம் செத்துப்போயிற்று. படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்தச் சொன்னார்.

"கதவு எதுக்கு? கேக்காதவனுக்கு எப்படியும் கேக்காது. கேக்கறவளைத்தான் நீங்க மந்தம்னு எழுதிட்டீங்களே!"

"கத்தாத. முதல்ல நான் சொல்றதக் கேளு."

"சொல்லுங்க. நல்லாச் சொல்லுங்க. எம்பொண்ணு எப்ப நோயில படுத்தா? எந்த ஆஸ்பத்திரி? எந்த வார்டு? நான் போய்ப் பாக்கவே இல்லையே!"

அவர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். அவர்கள் போகப்போகும் ஊரிலேயே இருக்கும் தன் தங்கையிடம் கேட்டாராம். நாத்தனார்தான் இந்த யோசனையைக் கொடுத்திருக்கிறாள், புண்ணியவதி. 'அண்ணா, காது விஷயத்த எழுதினா அந்த ஸ்கூல்ல எடுக்க மாட்டாங்க. அதுக்குன்னு டீச்சர் அவங்ககிட்ட கிடையாது. படிப்புல வீக்னு எழுதினா பேசாம ஒரு கிளாஸ் கீழ போட்டுக் கொடுத்துடுவாங்க. அக்கா பக்கத்துல இருந்தா பையன் சமாளிச்சுப்பான்.'

"அப்ப பேசாம அந்தச் சின்ன ஸ்கூல்ல சேத்திருக்கலாமே! டீச்சர் கழுத்துல மைக் மாட்டிக்கிட்டு நேரா அவன் மிஷினுக்குக் கேக்கற மாதிரி பேசுவாங்கன்னு நீங்கதானே படிச்சுக் காமிச்சீங்க?"

"அங்க நீச்சல் குளம் கிடையாது. பஸ்ல நாப்பது நிமிஷம். ஏழு சிவப்பு வந்துச்சு."

"உங்க சிவப்புல தீய வைக்க!"

"சும்மா பேசாத. என் ஆபீஸ் ஆளுங்க பிள்ளைங்க எல்லாம் பெரிய ஸ்கூல்ல. நம்ம பிள்ளைங்க மட்டும் அங்க போனா ஏன்னு கேப்பாங்க. போன முதல் நாளே அவனை எல்லாரும் ஒரு மாதிரி பாப்பாங்க. புது ஊரு, புது மனுஷங்க. ஒரு வருஷம், அவன் பழகற வரைக்கும். பெரியவளுக்கு ஒரு வருஷத்துல என்ன குடி முழுகிடும்? இத பாரு, லிஃப்ட் மேல போகணும்னா இன்னொரு பக்கம் எடைக்கல்லு கீழ இறங்கியே ஆகணும். நான் தினம் பாக்கற விஷயம்."

"எம்பொண்ணு உங்க எடைக்கல்லா?"

பதில் இல்லாத ஆண்கள் செய்வதைத்தான் அவரும் செய்தார். பழைய கதையைத் தோண்டினார்.

"இவ்வளவு வாய் பேசறியே, முதல்ல மறைக்க ஆரம்பிச்சது யாரு? சலூன்ல போய் 'காது மூடற மாதிரி வெட்டுங்க'ன்னு மாசா மாசம் சொல்றது நானா நீயா? ஊர்ல இருக்கறவன் போட்டோவுல காது தெரியலன்னா விரட்டியடிக்கற. பெத்த பிள்ளை காத ஏன் ஒன்பது வருஷமா மூடி வெச்சிருக்க?"

சுருக்கென்று இருந்தது. ஆனால் கோபத்தில் இருப்பவளுக்குக் குத்தினது உடனே தெரியாது, ரத்தம் பிறகுதான் வரும். "நான் தலைமுடியாலதான் காத மூடினேன். உங்கள மாதிரி ஒருத்திய முடிச்சுக் கட்டல. இப்பவே கூப்பிடறேன் பெரியவள. அவகிட்டயே சொல்லுங்க உங்க எடைக்கல்லு கதைய!" என்று கதவைத் திறந்தாள்.

பெரியவள் கதவுக்கு வெளியேதான் நின்றுகொண்டிருந்தாள். கையில் டேப் கத்தரிக்கும் கத்தரிக்கோல். அழவில்லை.

"எனக்குத் தெரியும்மா" என்றாள்.

"என்னடி தெரியும்?"

"அப்பா என்கிட்ட அப்பவே கேட்டாரு. தம்பிக்காக ஒரு வருஷம் மறுபடி ஏழு படிக்கிறியான்னு. சரின்னு சொன்னேன்."

கணவர் மெதுவாக, 'பார்த்தாயா' என்கிற மாதிரி தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டலைப் பார்த்ததும் அவள் மகள் பக்கம் பாய்ந்தாள்.

"ஏண்டி சரின்னு சொன்ன? உனக்கு அறிவில்ல? முடியாதுன்னு சொல்ல வாய் இல்ல?"

பெரியவளின் மூக்கு நுனி சிவந்தது. அந்தப் பெண்ணுக்குக் கோபம் வந்து யாரும் அதுவரை பார்த்ததில்லை. வராது என்று அர்த்தமில்லை. வர இடம் கொடுத்ததில்லை, அவ்வளவுதான்.

"நீங்க ரெண்டு பேரும் கேக்கறதெல்லாம் ஒரு கேள்வியாம்மா? போன வருஷம் வாலிபால் டீம்ல என்னை எடுத்தாங்க. பிராக்டிஸ் அஞ்சரை வரைக்கும்னு சொன்னேன். 'தம்பி வேன்ல தனியா எப்படி வருவான், நீயே சொல்லு'ன்னு கேட்ட. நான் என்ன சொல்ல முடியும்? போகலன்னு சொன்னேன். 'எம்பொண்ணு தங்கம், சொல்லாமலே புரிஞ்சுப்பா'ன்னு அத்தைகிட்ட போன்ல சொன்ன. அப்பா கேட்டதும் அதே மாதிரிதான். ஒரு வருஷம் எனக்குப் போகுதுன்னு இன்னிக்குத்தான் உனக்குக் கோபம் வருதா?"

சொல்லிவிட்டுக் கூடத்துக்குப் போய், விட்ட இடத்திலிருந்து புத்தகம் அடுக்க ஆரம்பித்துவிட்டாள். சின்னவன் அக்காவின் முகத்தைப் பார்த்தான், உள்ளே நிற்கும் அம்மாவைப் பார்த்தான், மறுபடி அக்காவைப் பார்த்தான். "என்ன?" என்று கேட்டான். "ஒண்ணுமில்ல" என்று உதட்டை அசைத்தாள் பெரியவள்.

அன்றைக்கு அந்த வீட்டில் தட்டு வைக்கும் சத்தம், தட்டு எடுக்கும் சத்தம், அவ்வளவுதான்.

விடிந்தால் பள்ளிக்கு எல்லாவற்றையும் போட்டு உடைத்துவிடுவது என்றுதான் அவள் இருந்தாள். விடிந்தது. பல் துலக்கும்போதே கால் பின்னுக்கு இழுத்தது. சொன்னால் அந்தப் பள்ளி இல்லை என்று ஆகிவிடும். சின்னப் பள்ளியில் இனிமேல் இடம் இருக்குமோ இருக்காதோ. கணவர் ஒன்றாம் தேதி அங்கே போய்ச் சேர வேண்டும். பள்ளிக்கூடமே இல்லாமல் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் என்ன செய்வது? சரி, முதலில் இடம் கிடைக்கட்டும், பெரியவளை ஒரு மாதத்தில் நைசாகப் பேசி எட்டுக்கு மாற்றிவிடலாம், என்று ஒரு சப்பைக்கட்டு தானாகவே வந்து மனசில் உட்கார்ந்துகொண்டது. எண்பது பேரை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்கிறவள்தான். ஆனாலும் பத்தே முக்காலுக்கு அவள் நல்ல புடவை கட்டிக்கொண்டு, பொட்டைச் சரிசெய்துகொண்டு, கணவர் காட்டிய நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள்.

அவர் எல்லாவற்றையும் திட்டம் போட்டு வைத்திருந்தார். சாப்பாட்டு மேஜையில் மடிக்கணினி. சின்னவனின் வலது காது ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் வருகிற மாதிரி அவனுக்கு இடது ஓரத்து நாற்காலி. அவனை ஒட்டிப் பெரியவள். அவள் கை மேஜைக்கு அடியில், தம்பியின் முழங்காலுக்குப் பக்கத்தில். பிறகு அம்மா. கடைசியில் அவர். என்ன கேட்டால் என்ன சொல்வது என்று பிள்ளைகளுக்கு விடிந்ததிலிருந்து மனப்பாடம் செய்யவைத்திருந்தார்.

பதினொரு மணிக்குத் திரையில் தலைமையாசிரியை வந்தார். கண்ணாடி போட்ட, முகத்தில் களை இருக்கிற அம்மாள். ஆங்கிலத்தில்தான் பேச்சு. விமானம் எப்போது, வீடு பார்த்தாயிற்றா என்றெல்லாம் விசாரித்துவிட்டு, ஏதோ ஒரு வேடிக்கை சொல்லித் தானே சிரித்தார். மேஜைக்கு அடியில் பெரியவளின் விரல் இரண்டு தரம் அசைந்தது. சின்னவன் சிரித்தான்.

"உனக்குப் பிடித்த பாடம் எது?" என்று அவனிடம் கேட்டார். வேகமாகத்தான் கேட்டார், தாளைப் பார்த்துக்கொண்டே; உதடு சரியாகத் தெரியவில்லை. பெரியவளின் கை அழுத்திப் பிடித்தது. சின்னவன், "விஞ்ஞானம். எனக்குச் சோதனைகள் செய்யப் பிடிக்கும்" என்று மனப்பாடமாக, கொஞ்சம் சத்தமாகச் சொன்னான். "அருமை! எவ்வளவு தன்னம்பிக்கையான பையன்!" என்றார் அம்மாள். கணவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

பிறகு அம்மாள் பெரியவள் பக்கம் திரும்பினார். திரும்பியதும் அவர் முகமே மாறியது. படிவத்தைப் படித்திருக்கிறார், பாவம். திரைக்குக் கிட்டே முகத்தைக் கொண்டுவந்து, ஒவ்வொரு வார்த்தையாக, வாயை நன்றாகத் திறந்து, மெதுவாகப் பேசினார். சின்னவனுக்கு எப்படிப் பேச வேண்டுமோ அப்படி.

"பயப்படாதே கண்ணு. உனக்கு, எது, கஷ்டமாக, இருக்கிறது, என்று, சொல். நாங்கள், உனக்கு, உதவுவோம்."

பெரியவளுக்கும் இதற்கு ஒரு பதில் மனப்பாடம் செய்யவைத்திருந்தார்கள். கணக்கு கொஞ்சம் கஷ்டம் என்று சொல்ல வேண்டும். அவள் வாயைத் திறக்கவில்லை. கணவர் தொண்டையைச் செருமினார். அம்மா அவளைப் பார்க்கவில்லை, மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெரியவள் மேஜைக்கு அடியிலிருந்து கையை எடுத்து மேலே வைத்தாள்.

"எனக்கு ரெண்டு காதும் நல்லாக் கேக்குது, மேடம்" என்றாள். "அதுதான் எனக்குக் கஷ்டம்."

அம்மாளுக்குப் புரியவில்லை. "மன்னிக்கணும்?" என்றார். கணவருக்குப் புரிந்துவிட்டது. "இணைப்பு சரியில்லை போல" என்று உளறிக்கொண்டே குறுக்கே கை நீட்டிக் கணினியை மூடப் போனார்.

"கைய எடுங்க" என்றாள் அம்மா.

அவர் எடுக்கவில்லை. அவள் அவர் மணிக்கட்டைப் பிடித்து அப்பால் தள்ளினாள். தள்ளின வேகத்தில் தண்ணீர்க் குவளை உருண்டு தரையில் விழுந்தது. விழட்டும். அவர் மேல் கோபம், தன் மேலேயே கோபம், நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்த தன் வெட்கங்கெட்டதனத்தின் மேல் எல்லாவற்றையும்விடப் பெரிய கோபம்.

"மேடம், நீங்க வெச்சிருக்கற ரெண்டு படிவமும் பொய்" என்றாள். "எம்பொண்ணுக்கு ஒரு குறையும் கிடையாது. எட்டாம் வகுப்புக்குப் போக வேண்டியவ. எம்பையனுக்குத்தான் காது கேக்காது. இப்ப அவன் சொன்ன பதில்கூட அவன் அக்கா அவன் முழங்காலை அமுக்கி எடுத்துக் கொடுத்தது. எம்பொண்ணு எழுத வேண்டிய பரீட்சை, ஆட வேண்டிய ஆட்டம் எல்லாத்தையும் விட்டுட்டு இதே வேலையா இருக்கணும்னு பெத்தவங்க நாங்க முடிவு பண்ணி, அவளையே நோயாளின்னு எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கோம். நான் தினம் எண்பது படிவம் பாக்கறவ. இப்படி ஒண்ணு என் மேஜைக்கு வந்தா மூஞ்சியில விட்டெறிவேன். நீங்களும் திருப்பி அனுப்பிடுங்க."

அம்மாள் கண்ணாடியைக் கழற்றினார். பிறகு, இரண்டையும் திருப்பி அனுப்புவதாகவும், பெண்ணுக்கு எட்டாம் வகுப்பில் இடம் தர முடியும் என்றும், ஆனால் பையனுக்கு உதவக்கூடிய ஆசிரியர் தங்களிடம் இல்லை என்றும் சொன்னார். அப்படிப்பட்ட ஆசிரியர் இருக்கும் பள்ளியின் பெயரையும் சொன்னார். ஏழு சிவப்பு வாங்கின அதே பள்ளிதான். இப்போதே எழுதிப் போடுங்கள், இடம் இருந்தாலும் இருக்கும் என்றார். திரை அணைந்தது.

"திருப்தியா?" என்றார் கணவர். எழுந்து ஜன்னல் பக்கம் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். அவர் தோள் குலுங்கியதா என்று அவள் பார்க்கவில்லை; பார்க்கப் பிடிக்கவில்லை.

சின்னவன்தான் இன்னும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குப் பாதிதான் புரிந்திருந்தது. அம்மா பக்கவாட்டில் இருந்ததால் உதடு தெரியவில்லை. குவளை விழுந்தது தெரிந்தது, அப்பா எழுந்துபோனது தெரிந்தது. எப்போதும்போல அக்காவின் பக்கம் திரும்பினான்.

"என்ன ஆச்சு?"

"அம்மாகிட்ட கேளு" என்றாள் பெரியவள். எழுந்து ஒரு துணியை எடுத்துவந்து தரையில் கொட்டிக் கிடந்த தண்ணீரைத் துடைக்க ஆரம்பித்தாள்.

அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு மகனுக்கு நேர் எதிரே உட்கார்ந்தாள். எல்லாவற்றையும் சொன்னாள். இரண்டு படிவத்திலும் என்ன எழுதியிருந்தது என்று, அக்காவுக்கு ஒரு வருஷம் போக இருந்தது என்று, அவனுக்கு அந்தப் பெரிய பள்ளி இல்லை என்று. மெதுவாக, வாயைத் திறந்து, அவன் முகத்தைப் பார்த்து. இவ்வளவு நீளமாக அவனிடம் தானே ஒரு விஷயத்தைச் சொல்லி எத்தனை வருஷம் ஆயிற்று என்று அவளுக்கு நினைவில்லை. பெரியவள்தானே எல்லாம் சொல்லிவிடுவாள்.

சின்னவன் கேட்டு முடித்தான். அழுவான் என்று எதிர்பார்த்தாள். அவன் காதெல்லாம் சிவந்து, முகம் சிவந்து, மேஜையில் ஓங்கி ஓர் அறை அறைந்தான்.

"நான் கேட்டேனா? அவ என் கூடவே உக்காரணும்னு நான் கேட்டேனா?" அவனுக்குச் சத்தத்தின் அளவு தெரியாது, தெரு வரைக்கும் கேட்டிருக்கும். "வேன்ல எனக்கு ஒரு பயமும் கிடையாது. கிளாஸ்ல எல்லாரும் என்னை அக்கா வால்னு கூப்பிடறாங்க. தெரியுமா உனக்கு? அவ இல்லாம என்னால முடியாதுன்னு யாரு சொன்னா? யாரும்மா சொன்னது?"

தரையைத் துடைத்துக்கொண்டிருந்த பெரியவளின் கை நின்றது. ஜன்னல் பக்கம் இருந்தவர் திரும்பினார்.

அம்மா தலையைக் குனிந்துகொண்டு என்னவோ சொன்னாள்.

"உதடு தெரியல" என்றான் சின்னவன். "தலைய நிமித்திச் சொல்லு."

அவள் தலையை நிமிர்த்தி, அவனுக்குத் தெரிகிற மாதிரி, இன்னொரு தரம் சொன்னாள்.

"நான்தான்."